மாப்பிள்ளை போட்ட ஊசி

டயர் கடைக்காரன் கை கழுவ ஆரம்பித்துவிட்டான் என்றால் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய சாப்பாட்டுக்கு அல்ல, அவன் மாமியாருடைய சாப்பாட்டுக்கு. முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்பான். பிறகு துணி சோப்பு, அதன் பிறகு குளியல் சோப்பு, கடைசியில் நகக்கண்ணுக்கு ஒரு பழைய பல்துலக்கி. வருஷக்கணக்காக ஏறிய ரப்பர் கருப்பு அவ்வளவு சுலபத்தில் விடுமா? முழங்கை வரைக்கும் தோல் சிவந்து, அங்கங்கே உரிந்தும் போயிருந்தது.

"ஆபரேஷன் பண்ணப் போற டாக்டர்கூட இப்படித் தேய்க்க மாட்டாரு" என்பார் பக்கத்து பேட்டரி கடைக்காரர்.

"அவருக்கு மாமியார் இல்லை போல" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போவான்.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் தகரக் கொட்டகையில் டயர்களும் காற்றடிக்கும் எந்திரமும். அதை ஒட்டிய அறையில் மாமியாரின் கட்டில். அதற்கும் பின்னால் இன்னொரு அறை, சமையலறை. கட்டிலுக்கு எதிரே கொட்டகையைப் பார்த்த ஜன்னல். அவன் வேலை செய்வதை அவர் பார்க்கலாம், அவர் படுத்திருப்பதை அவனும் பார்க்கலாம். இருவரும் பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் விஷயம்.

அந்த அம்மாளை அக்கம்பக்கத்தில் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெறும்வரை ஊருக்குள் ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பின்படிக்கட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் முன்னால் நிற்கிறவன் தானாக உள்ளே நகர்வான். கணவர் சீக்கிரமே போய்விட்டார். அந்தச் சம்பளத்திலேயே ஒரே மகளைப் படிக்கவைத்தார். மகள் ஒரு டயர் கடைக்காரனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, "அவன் மேல ரப்பர் நாத்தம் அடிக்குமேடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மகள் அந்த வார்த்தையை அப்படியே கொண்டுபோய் அவனிடம் சொன்னாள். கல்யாணம் நடந்தது. அன்று முதல் மாமியார் அவனோடு நேராகப் பேசியதில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும், "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்று மகளிடம் சொல்லுவார். அவன் குறைப்பான். "போதும்னு சொல்லு" என்பார்.

வெகுநாளாக அவருக்குச் சர்க்கரை உண்டு. பஸ்ஸில் ஓடிக்கொண்டே மாத்திரையை விழுங்கி, மறந்தால் மறந்ததுதான் என்று காலத்தை ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் காலும் போயின. பேச்சு குழறிற்று. அதைவிடப் பெரிய சங்கடம், தொண்டை விழுங்க மறந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் நுரையீரலுக்குப் போய்விடும் என்றார் டாக்டர். மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் போட்டு, "இனிமே கொஞ்ச காலம் இதுதான் வாய்" என்று சொல்லி அனுப்பினார். திரும்ப விழுங்க வருமா என்று கேட்டதற்கு, வரலாம் என்றார். எப்போது என்று அவர் சொல்லவில்லை.

மகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். காலையிலும் இரவிலும் அவள் பார்த்துக்கொள்ளலாம். பகலில்? கடை வீட்டோடு இருக்கிறது, கடைக்காரனும் இருக்கிறான். வேறு வழியில்லாமல் அப்படி முடிவாயிற்று. கட்டிலில் கிடந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்த சிஸ்டர் கறார் பேர்வழி. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அதட்ட ஆரம்பித்துவிடுவார்.

"தலைப்பக்கம் கட்டிலை உசத்தி வச்சாச்சா? சரி. குழாய்ல மூக்குக்கிட்ட ஒரு மைக்கோடு போட்டிருக்கேன் பாருங்க. அந்தக் கோடு அதே இடத்துல இருக்கணும். நகர்ந்திருந்தா எதையும் ஊத்தாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க. கோடு சரியா இருந்தா முதல்ல சுகர் பாக்கணும். அப்புறம் கொஞ்சம் தண்ணி விட்டு, பாலைத் தொங்கவிடணும். சொட்டு ஒழுங்கா விழுதான்னு நின்னு பாக்கணும். அதுக்கு அப்புறம்தான் ஊசி."

"முதல்லயே ஊசியைப் போட்டுட்டா என்ன சிஸ்டர்? வேலை முடிஞ்சிடுமே."

"வேலை முடியாது, ஆளே முடிஞ்சிடும்" என்றார் சிஸ்டர். "நமக்குச் சுகர் இறங்குனா கையே தானா மிட்டாய் டப்பாவைத் தேடும். இவங்க எதைத் தேடுவாங்க? குழாய்ல போனாத்தான் சாப்பாடு. இந்த மருந்துக்குக் கண்ணு கிடையாதுங்க. உள்ள சாப்பாடு இருக்கா இல்லையான்னு பாக்காது. அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே போகும். பால் நின்னா, அதோட போடற ஊசியும் நிக்கணும். காலைல உங்க வீட்டுக்காரம்மா போடறது நாள் முழுக்க மெதுவா வேலை செய்யற ஊசி. அதுலயும் நீங்களா கைவைக்காதீங்க, கேட்டுட்டுச் செய்யுங்க."

பால் என்று சிஸ்டர் சொன்னது மாவுக் கரைசலைத்தான். டப்பாவில் வரும் மாவை வெந்நீரில் கரைத்து, கட்டி தட்டாமல் வடிகட்டி, பையில் ஊற்றி ஆணியில் மாட்ட வேண்டும். ஆரம்பத்தில் அதை ஊற்றிய கையோடு சர்க்கரை முந்நூறைத் தாண்டி எகிறியது. டாக்டர் மாவை மாற்றினார், மருந்தைக் கூட்டினார், சிஸ்டர் சொட்டின் வேகத்தைக் குறைத்தார். பஞ்சரான டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகப் பார்க்கிறவன்தான் அவன். அந்தப் பொறுமை இங்கே உதவியது. மெல்ல மெல்ல எண்கள் அடங்கின.

அடங்காதது கூச்சம்தான். விரல் நுனியில் குத்த அவன் வந்தாலே கண்டக்டரம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வயிற்றில் போட வேண்டிய ஊசியை அவன் சிஸ்டரிடம் கேட்டு மேல்கையில் போட்டான். போடும்போது அவனும் கண்ணைப் பாதி மூடிக்கொள்வான்.

"அத்தை, போட்டுடட்டுமா?"

பதில் வராது.

"போட்டாச்சு அத்தை."

அதற்கும் வராது. அவருக்குப் பேச முடியாது என்றில்லை. குழறினாலும் மகளிடம் பேசுவார். அந்தக் குழறலைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொள்ள அவனும் பழகியிருந்தான்.

அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் டயர் கடைக்கு ஓய்வு ஏது? தண்ணீருக்கடியில் கிடக்கிற ஆணியும் கண்ணாடித் துண்டும் யார் கண்ணிலும் படாதே. மதியத்துக்குள் ஏழெட்டு வண்டிகள் வந்துவிட்டன. ஒரு காய்கறி வேனைப் பாதியில் ஜாக்கியில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். குழாயின் மைக்கோட்டைப் பார்த்தான். சுகர் பார்த்தான், நூற்று நாற்பது சொச்சம். பையை மாட்டி, சொட்டு சீராக விழுவதை நின்று பார்த்து, ஊசியைப் போட்டான். எதிலும் குறை வைக்கவில்லை.

"அண்ணே, மழை கொட்டகைக்குள்ள வருது, மோட்டாருக்குக் கீழே தண்ணி நிக்குது" என்று வேன் டிரைவர் குரல் கொடுத்தார்.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு டயர்களை நகர்த்தித் தண்ணீருக்கு வழி விட்டான். திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கண்டக்டரம்மாவின் வலது கையில் குழாய் முழுநீளத்துக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. பால் கட்டில் விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. நேராக அவனையே பார்த்தார்.

இருமலில் வந்த குழாய் இல்லை அது என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. பையின் திருகை மூடினான். நின்று யோசித்தான். மருந்து உள்ளே போயாயிற்று. சாப்பாடு இரண்டு மடக்குகூடப் போகவில்லை. போனை எடுத்தான்.

சிஸ்டர் இரண்டாவது முறை போன் அடித்ததும் எடுத்தார்.

"வாய்ல எதையும் ஊத்தாதீங்க. ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். குழாயை நீங்களா உள்ள தள்ளப் பாக்காதீங்க. முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, சுகர் பேஷண்ட், ஊசி போட்டாச்சு, குழாய் வெளிய வந்துடுச்சுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு மறுபடி எனக்கு அடிங்க."

ஆம்புலன்ஸ்காரர்கள் வருகிறோம் என்றார்கள். பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிற்பதால் சுற்றி வரவேண்டும் என்றார்கள். மனைவிக்கு அடித்தான். தொழிற்சாலையில் போனை வெளியே பூட்டி வைத்துவிடுவார்கள், அது அடித்துக்கொண்டே இருந்தது. வேன் டிரைவர் தானாகவே குடையை எடுத்துக்கொண்டு, ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டத் தெருமுனைக்கு ஓடினார்.

சிஸ்டருக்கு மறுபடி அடித்து, லைனிலேயே வைத்துக்கொண்டு, கால் மணி கழித்துச் சுகர் பார்த்தான். தொண்ணூறு. இன்னும் கால் மணி பொறுத்துப் பார்த்தான். அறுபத்தைந்து. கண்டக்டரம்மாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. வலது கை நடுங்கியது. சற்று முன்பு அவனை முறைத்த கண்கள் எங்கேயோ அலைந்தன.

"இறங்குது சிஸ்டர்."

"பதறாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நான் வாங்கி வைக்கச் சொன்ன தேன் இருக்கா? விரல் நுனியில கொஞ்சூண்டு எடுத்து, கீழ் கன்னத்துக்கு உள்பக்கம் தடவுங்க. தடவத்தான் செய்யணும், ஊத்தக் கூடாது. வழிஞ்சா துடைச்சிடுங்க. அவங்ககிட்ட பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க. பேச்சு நின்னாலோ, மயங்கினாலோ வாய்ப்பக்கமே போகாதீங்க, ஒருக்களிச்சபடியே விட்டுட்டு உடனே எனக்குச் சொல்லுங்க. நான் போனை வைக்கல."

அவன் தடவினான். இத்தனை நாள் தொட்டதெல்லாம் விரல் நுனியும் மேல்கையும்தான். இப்போது மாமியாரின் கன்னத்துக்குள் தன் விரல். கூச்சப்பட நேரமில்லை.

"அத்தை. என்னைப் பாருங்க. அத்தை."

"டிக்கெட்" என்றார் கண்டக்டரம்மா.

"என்ன அத்தை?"

"டிக்கெட் எடுத்தியா? ஏறுனதுல இருந்து பாக்குறேன், கம்பியைப் புடிச்சுக்கிட்டு சும்மா நிக்குற."

போனுக்குள்ளிருந்து சிஸ்டர், "பேசுங்க, பேசுங்க" என்றார்.

"எடுக்கலைங்க. ஒண்ணு குடுங்க."

"எங்க போவணும்?"

"கடைசி ஸ்டாப்புங்க."

"இந்த மழைல அங்க என்ன இருக்கு உனக்கு?"

"மாமியார் வீடு இருக்குங்க."

"ஓஹோ." ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "மாமியா நல்லா கவனிப்பாங்களா?"

"நல்லவங்கதான். என்கூடப் பேசத்தான் மாட்டாங்க."

"நீ என்ன பண்ணுன?"

"அவங்க பொண்ணைக் கட்டிக்கிட்டேன்."

அவன் மறுபடி தேன் தடவினான். வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தான். அவர் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பஸ் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்கிற பிடி அது.

"எனக்கும் ஒரு மாப்ள இருக்காரு" என்றார். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. "டயர் கடை. நல்ல வேலைக்காரரு. வந்தவனைச் சும்மா அனுப்ப மாட்டாரு, ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்புவாரு. ஜன்னல்ல பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"பேசுவீங்களா அவர்கூட?"

"பேசறதில்ல."

"கோவமா?"

"முதல்ல கோவம். அது எப்பவோ போச்சு." கண் செருகியது. அவன் தோளைப் பிடித்து உலுக்கியதும் மறுபடி திறந்தது. "அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. இத்தனை வருஷம் பேசாதவ, திடீர்னு என்னன்னு கூப்பிடறது? சிரிக்க மாட்டாரா?"

"சிரிக்க மாட்டாருங்க" என்றான் அவன். "எனக்குத் தெரியும், சிரிக்க மாட்டாரு."

அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. பிடி மட்டும் தளரவில்லை. சிஸ்டர் சொன்னபடி தேன் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, ஒருக்களித்திருந்த தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சுகர் பார்க்கும் எந்திரம் நாற்பத்தெட்டு என்று காட்டியபோது தெருவில் சைரன் சத்தம் கேட்டது. வேன் டிரைவர் நனைந்தபடி முன்னால் ஓடி வந்தார். ஆம்புலன்ஸில் வந்த பெண் ஒரு நிமிஷம் வீணாக்காமல் கையில் நரம்பைத் தேடிப் பிடித்து குளுக்கோஸை ஏற்றினாள். கண்டக்டரம்மாவின் வலது கை மாப்பிள்ளையின் மணிக்கட்டில் இருந்தது. விடுவிக்கப் பார்த்து முடியாமல், "நீங்களும் அப்படியே ஏறிடுங்க" என்றாள். பாதி ஜாக்கியில் நின்ற வேனை அப்படியே விட்டுவிட்டு அவனும் ஏறினான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் கண்டக்டரம்மா கண்ணைத் திறந்து பார்த்தார். பிடித்திருப்பது யார் கையை என்று தெரிந்ததும் மெல்ல விட்டார். ஆனால் வழக்கம்போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மகள் தலைதெறிக்க ஓடிவந்தாள். புதுக் குழாய் போட்டாயிற்று. எக்ஸ்ரே படம் எடுத்து, சரியான இடத்தில் இருக்கிறது என்றும் பார்த்தாயிற்று.

"என்னய்யா ஆச்சு?"

"இருமல் வந்துச்சு. குழாய் வெளிய வந்துடுச்சு" என்றான் அவன், மனைவியைப் பார்க்காமல்.

கட்டிலிலிருந்து கண்டக்டரம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்து அவனிடம் எல்லாவற்றையும் கேட்டார். செய்ததெல்லாம் சரிதான் என்றார். மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, பால் பாதிக்கு மேல் போன பிறகு ஊசி போட்டால் போதும் என்று மாற்றினார். இப்படி இன்னொரு முறை ஆனால் வீட்டிலேயே போடுவதற்கு, சர்க்கரையை ஏற்றும் ஊசி ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். அதைச் சதையில் எப்படிப் போடுவது என்று அங்கேயே சொல்லித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று மகள் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார். அவன் கொட்டகையில் இருந்தான். காற்று எந்திரம் ஓடவில்லை, அதனால் எல்லாம் கேட்டது.

"இருமல் இல்லடி. நான்தான் பிடுங்கினேன்."

மகள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா? சாகணும்னா?"

"சாகறதுக்கு இல்ல. அதெல்லாம் யோசிக்கல. தினமும் அந்த மனுஷன் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டு வராரு. தோலெல்லாம் உரிஞ்சு கிடக்கு. அன்னைக்கு நான் சொன்னேனே, ரப்பர் நாத்தம்னு. அந்தக் கையாலதான் எனக்குச் செய்யறாரு. பாக்க முடியல. யாரோ நர்ஸ் போட்டா வாங்கிக்குவேன். அவருகிட்ட கையை நீட்டிக்கிட்டுப் படுத்திருக்க என்னால முடியல."

"அந்த ஒத்தக் கூச்சத்துக்கு உயிரையே விடப் பாத்தியே."

"ஆமா" என்றார் கண்டக்டரம்மா. "புத்தி அப்படித்தான் போச்சு."

மகள் அழுதாள். அம்மாவின் வலது கை அவள் முதுகைத் தடவியது. அவன் ஒரு டயரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருட்டி வைத்தான். மறுபடி இந்தப் பக்கமே உருட்டி வைத்தான்.

மறுநாள் மதியம் கை கழுவிவிட்டு உள்ளே போனவன் பாலை மாட்டினான். சொட்டு விழ ஆரம்பித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இதுவரை பால் மாட்ட வந்தபோது அவன் அங்கே உட்கார்ந்ததில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீங்க. ஆம்புலன்ஸ்ல என் கையைப் புடிச்சிருந்தீங்க. இன்னும் நாலு விரல் தடம் இருக்கு பாருங்க." மணிக்கட்டைக் காட்டினான். "இவ்வளவு பலம் இருக்கிற கைக்கு ஊசி போடத் தெரியாதா? பேனா மாதிரி ஊசிதானே, நான் அளவைத் திருகி, மூடியைக் கழட்டிக் குடுக்கறேன். வயித்துல நீங்களே போட்டுக்குங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன். சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன், தாராளமா செய்யலாம்னாங்க. முதல் தடவை கூட நின்னு பாக்கறேன்னு இன்னைக்கு வராங்க. ஒரே ஒரு கண்டிஷன். பால் பாதி போச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் ஊசியைத் தொடக்கூடாது."

கண்டக்டரம்மா முகத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்றார். மகள் தொழிற்சாலையில் இருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. அவனிடம்தான் கேட்டார்.

"உங்ககிட்ட கேக்கணும்னே யாருக்கும் தோணல அத்தை. எங்க தப்புதான்."

சிஸ்டர் வந்தார். முதல் ஊசியைக் கண்டக்டரம்மா கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் போட்டார். பட்டனை அமுக்கிய கட்டைவிரலை உடனே எடுத்துவிடாமல் பத்து எண்ணச் சொன்னார் சிஸ்டர். குழறிக்கொண்டே எண்ணினார். மாப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான்.

"ஆயிடுச்சா அத்தை?"

"ம்."

சிஸ்டர் போன பிறகு பாலில் இன்னும் கொஞ்சம் மீதியிருந்தது. அவன் கடைக்குப் போக எழுந்தான்.

"மாப்ள."

அவன் நின்றான்.

"நீங்க எங்க சாப்பிடறீங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். அவர் குழாயோடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கொட்டகையின் கோடியில், அடுக்கி வைத்த லாரி டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவன் சாப்பிடுகிறான். வாயில் ஒன்றும் படாமல் கிடக்கிறவருக்குச் சாப்பாட்டு வாசனை வரக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. சமையலே விடிவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடந்தது.

"ஜன்னல்ல தெரியும் மாப்ள. டயருக்குப் பின்னால ஆள் குனிஞ்சு குனிஞ்சு நிமிர்ந்தா என்ன பண்றாருன்னு தெரியாதா? வாசனையும் வரத்தான் செய்யுது. இங்க கொண்டுவந்து சாப்பிடுங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா அத்தை?"

"இருக்கும்" என்றார். "தனியா சாப்பிடறது அதவிடக் கஷ்டம்."

அவன் டிபன் பாக்ஸை எடுத்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மூடியைத் திறந்தான். தலையைக் குனிந்துகொண்டு மென்றான். மேலே பையிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"என்ன வச்சிருக்கா?" என்று கேட்டார் கண்டக்டரம்மா.

"முட்டை. உருளைக்கிழங்கு."

"உப்பு போட்டிருக்காளா? எப்பவும் மறந்துடுவா."

அவன் இன்னொரு வாய் எடுத்துப் போட்டு, யோசிப்பது போல் மென்றான்.

"கம்மிதான் அத்தை."

"சொல்லிடாதீங்க" என்றார். "சண்டைக்கு வருவா."